சிவப்பு வளையம், நீல வளையம்

என் அத்தை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் அறிவியலை மதித்தார். அதில் போனது என் அம்மா.

அப்பா கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஏலக்காய் லாரி ஓட்டப் போய், வண்டன்மேட்டு மலைத் தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தவர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்கார வீட்டுப் பெண் என்பதை அப்பாவின் அக்காவான அத்தை கடைசிவரை மன்னிக்கவில்லை. அப்பா இறந்ததும் அவளை மலைக்கே அனுப்பப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஆராய்ச்சிக்காரர்கள் சிலர் எங்கள் தோப்பில் கலப்பினக் கோழிகளை வளர்க்கத் தந்தார்கள். தீனி, தண்ணீர், எடை பார்ப்பது எல்லாம் அம்மாதான்.

"கோழி இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அத்தை. எனக்கு ஒன்பது வயது. நானும் அதைக் கேட்டேன்.

நாட்டுக்கோழிக்கும் பண்ணைச் சேவலுக்கும் பிறந்தவற்றின் காலில் சிவப்பு வளையம். பண்ணைக்கோழிக்கும் நாட்டுச் சேவலுக்கும் பிறந்தவற்றுக்கு நீலம். மாதம் ஒருமுறை டாக்டரம்மா ஒருவர் வந்து, இறக்கைக்கு அடியில் ஊசி குத்தி இரத்தம் எடுத்துப் போவார். இரண்டிலும் கலந்திருப்பது ஒரே இனங்கள்தான், ஆனாலும் எது தாய் என்பதைப் பொறுத்து இரத்தத்தில் புரதம் மாறுகிறது என்று ஒருநாள் அம்மாவிடம் விளக்கினார். பக்கத்தில் நின்ற அத்தைக்கு வயிற்றில் பால் வார்த்தது போலாயிற்று.

அதன்பின் நான் தட்டைப் போட்டு உடைத்தாலும் பரீட்சையில் கோட்டை விட்டாலும் ஒரே பாட்டுதான். "டாக்டரம்மாவே சொல்லிப்போட்டாங்க. கோழிக்கே தாய் ரத்தந்தான் பேசுதாம். இவளுக்குப் பேசாதுங்களா?" அம்மா காதில் விழாதவள் போலக் கோழிக்குத் தண்ணீர் வைப்பாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா சொன்னதைப் பொய்யாக்கிவிட்டால் அத்தை வாயடைத்துப் போவார் அல்லவா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, கோழிகளைப் பிடித்துப் பிடித்து வளையங்களை மாற்றிப் போட்டேன். கையெல்லாம் கீறல். அம்மா வந்து மஞ்சள் வைத்துவிட்டாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

அடுத்த முறை எடுத்த இரத்தத்தின் முடிவுகள் வந்தபோது டாக்டரம்மாவின் முகம் சரியில்லை. யாரோ வளையத்தை மாற்றியிருக்கிறார்கள், இனி இவை ஆராய்ச்சிக்கு ஆகாது என்றார். அம்மா என் கையை ஒரு தடவை பார்த்தாள்.

"நான்தான் டாக்டரம்மா. கழுவணும்னு கழட்டுனேன், மாறிப் போச்சு."

அடி தப்பியதில் எனக்கு நிம்மதி. அந்த வாரமே வேன் வந்து கோழிகளை ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் அம்மா ஒரு பையோடு பஸ் ஏறினாள்.

பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களிடம் அத்தை என் தலையில் கைவைத்துச் சொன்னார்: "அவளுக்குப் பொறுப்புப் பத்தாதுங்க. இவ அப்பிடியில்ல. இவ நம்ம ஊட்டு ரத்தம்."

அதுவரை யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. பஸ் வளைவில் திரும்பும்வரை அம்மா கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பெருமையாக நின்றேன்.