கையேட்டில் என் நம்பர்

எங்கள் கம்பனியின் மனித உரிமைக் கையேட்டில், முறைப்பாட்டுக்கான தொலைபேசி இலக்கமாக அச்சாகியிருந்தது என்னுடையது. சதி ஒன்றுமில்லை, சோம்பல்தான்.

துணிக்குச் சாயம் போடும் கம்பனி. அதன் விளம்பரப் பகுதியில் தமிழ் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான். "உரிமைக்காகக் குரல்கொடுப்போரை நாங்களோ எங்கள் ஒப்பந்தக்காரரோ அச்சுறுத்த மாட்டோம், அவர்களைப் பாதுகாப்போம்" என்ற வரியை வெள்ளவத்தை வீட்டில் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து செதுக்கினேன். மேலிடம் இலக்கம் தரும்வரை இடம் வெறுமையாக இருக்க வேண்டாமென்று என் கைப்பேசி இலக்கத்தை அச்சகத்துக்குக் கொடுத்தேன். மேலிடம் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள் ஒரு பெண் அழைத்தார்.

"சேர், கொட்டாஞ்சேனைல இருந்து கதைக்கிறேன். உங்க ஃபெக்டரி சாயத் தண்ணிய எங்க வீட்டு முன்னால ஓடுற கான்ல விடுறதுக்கு எதிரா பெட்டிஷன் போட்டது நான்தான். இப்ப உங்க செக்குரிட்டிக்காரங்க, நான் லொறிய மறிச்சேன்னு பொலிஸ்ல என்ட்ரி போட்டிருக்காங்க. திங்கக்கிழமை வரச் சொல்றாங்க. நான் மறிக்கலன்னு கம்பனி ஒரு லெட்டர் தந்தா போதும். பொலிஸ் கேஸ்னா நான் டீச்சரா இருக்கிற மொண்டிசூரில என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க."

"ஓம், கட்டாயம்," என்றேன். அந்த வரியை எழுதியவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

எங்கள் சட்டப் பகுதியில் வேலைசெய்யும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் பெண் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள்.

"அண்ணா, செக்குரிட்டி எங்கட ஆக்கள் இல்லை. கொன்ட்ராக்ட். நாங்கள் எப்பிடி லெட்டர் குடுக்கிறது?"

"ஒப்பந்தக்காரரும் எண்டு கையேட்டில இருக்கே?"

"இருக்கு அண்ணா. அது கையேடு."

நான் தலையாட்டிவிட்டு வந்து தேநீர் குடித்தேன். சீனி கூடவா குறைவா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை அந்த இலக்கம் இரண்டு முறை ஒளிர்ந்தது. கூட்டத்தில் இருந்தேன். கைப்பேசியை மேசையில் குப்புற வைத்தேன். கூட்டத்தில் எனக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை.

வியாழக்கிழமைதான் அழைத்தேன். காலையிலிருந்து பின்னேரம் வரை பொலிஸ் நிலையத்து மர வாங்கில் இருத்தி வைத்தார்களாம். மொண்டிசூரியில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கையேடு மறுபடி அச்சாகிறது என்றேன்.

"அப்படியா சேர்?" என்றார், குரல் உயராமல். "அப்ப இந்த முறை லெட்டர் எழுதக்கூடிய யாராவது ஒரு ஆளோட நம்பரப் போடுங்க."