குச்சிக்கிழங்குக் காட்டில் கிடைத்த இரண்டு வளையங்கள்

"கார்த்திகை, செவ்வாய், முற்பகல். பித்தளை வளையம் இரண்டு. உள்ளே வெற்றுக் கூடு, குலுக்கினால் சத்தம். விளிம்பில் துளையிட்ட காது ஒன்று. பூசாரி கையில் பிடித்து ஆட்டும் சிலம்பு. கோயில் பொருள்." கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில் நூலகராக இருந்தபோது என் குறிப்பேட்டில் எழுதியது. மாதம், கிழமை பிசகாமல் எழுதுகிறவன் நான். பிசகியது கடைசி இரண்டு வரிகளில்.

வளையங்களைக் கொண்டுவந்தவர், கணவர் இறந்தபின் சிறிய காட்டில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி போட்டு இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா. காட்டின் ஒரு மூலையில் கிழங்கு பிடுங்கும்போது மண்ணோடு வந்தனவாம். துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "ஏனுங்க சார், இது சாமி சாமானுங்களா, ஊட்டுச் சாமானுங்களா? அதொண்ணு மட்டும் சொல்லிப்போடுங்க" என்றார். ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். சாமி பொருள் கிடைத்த இடத்தில் அந்த ஊரார் பிறகு ஏர் ஓட்டமாட்டார்கள்.

வளையத்தின் காதைப் பார்த்தேன், எழுதியும் வைத்தேன். கையில் பிடித்து ஆட்டும் சிலம்புக்குக் கட்டித் தொங்கவிடும் காது எதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நாளிதழ் படிக்க வந்த நாலு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "சந்தேகமே இல்லைங்க, சாமி சாமான்தான்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "காட்டுல மண்ணு நல்லா இருக்கறதே அந்த மூலையிலதானுங்க" என்று மட்டும் சொன்னார். வளையங்கள் கோயிலுக்குப் போயின. புது மணி வார்த்தபோது அவற்றையும் சேர்த்து உருக்கிவிட்டார்கள். காட்டு மூலையில் சாமிக்குக் கல் நட்டார்கள்; அங்கே ஏர் நின்றது. மறு வருடம் மூத்த பெண் படிப்பை விட்டு அடிவாரத்து மில்லுக்கு வேலைக்கு இறங்கினாள். உங்களால்தான் என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, அடிவாரத்தில் ஒரு விவசாயியின் தொழுவத்தில் அதேபோல் காது வைத்த வளையம் தோல் வாரில் கோத்துத் தொங்கியது. வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். "இதுங்களா? ரோடு வாரதுக்கு முன்னால மலைக்கு உப்பு ஏத்திக்கிட்டுப் போன பொதிமாட்டுக் கழுத்துல கட்டறதுங்க. ஒத்தையடிப் பாதையில எதிர்ல வாரவன் ஒதுங்கோணுமில்ல? அந்தக் காலத்து லாரி ஆரனுங்க!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே மலையேறினேன். கல்லுக்கு மஞ்சள் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் யாரோ நேர்ந்துகொண்டு நட்ட வேல். பெரியவர் சொன்னதை அக்காவிடம் சொன்னேன். "மாட்டுக் கழுத்துல கட்டறதுங்களா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நீங்க சொன்னீங்க, சாமி வந்துட்டாருங்க. இப்ப எந்திரிச்சுப் போங்கன்னா போவாருங்களா?"

ஊராரிடம் நானே பேசுகிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க சார். சின்னவ கல்யாணத்துக்கு இங்கதான் நேந்திருக்கேன்."

திரும்பி வரும் பஸ்ஸில்தான் உறைத்தது. அவை பொதிமாட்டு வளையங்கள் என்பதற்கு ஒரு பெரியவரின் வாய்ச்சொல் தவிர வேறு ஆதாரம் என்னிடம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க வளையங்களும் இல்லை. இன்றுவரை அது சரிபார்க்கப்படவில்லை. அக்காவிடம் அதையும் நான் சந்தேகமே இல்லை என்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.