தாய்ச்செடியின் மேல் விழுந்த பழி

சின்ன வாழைப்பழம் போல மஞ்சளாக ஒரு துளி ஆண் பூ, பெண் பூவுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. என்னோடு வேலை செய்த அக்காதான் இடுக்கியால் விலக்கிக் காட்டினார். அவர் முகம் அப்போதே வெளிறிப்போயிருந்தது.

ஜெர்மனியில் பீலெஃபெல்ட் நகருக்கு வெளியே, ஜன்னலே இல்லாத கட்டடத்தில், அரசு உரிமம் பெற்ற ஒரு கம்பனிக்காக நாங்கள் இருவரும் மருத்துவக் கஞ்சா வளர்த்தோம். உறவினர்களிடம் "மருந்துக் கம்பனி" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோம். அங்கே இருப்பவை பெண் செடிகள் மட்டும். ஒன்றில் ஆண் பூவும் சேர்ந்து வந்தால் மகரந்தம் பரவி, மண்டபம் முழுவதும் விதை பிடித்து, அறுவடை குப்பைக்குப் போகும். புது இனம் உருவாக்கும்போது நாங்களே வெள்ளிக் கரைசல் தெளித்துப் பெண் செடியில் ஆண் பூ வரவைப்பதுண்டு. அந்த மகரந்தம் தரும் விதைகள் பெண்ணாகவே முளைக்கும். ஆனால் தானாக மாறும் செடியைத் தாயாக வைக்க முடியாது. அந்தக் குணம் பிள்ளைகளுக்கும் போய்விடும்.

அக்கா கலியாணம் கட்டி ஜெர்மனிக்கு வந்தவர். வீட்டில் அவருடைய போனைக் கணவர் தினமும் வாங்கிப் பார்ப்பார். வேலையிடத்தில் திரும்பிய பக்கமெல்லாம் கமரா. செடிகள் பூப்பதற்காகத் தினமும் பாதிப் பொழுது இருட்டாக்கும் அறையில் மட்டும் அது இல்லை. இடைவேளையில் அங்கே ஒரு மூலையில் நின்று, ஊரிலிருந்த தன் தங்கையோடு போனில் முகம் பார்த்துப் பேசிவிட்டு, அந்த அழைப்பை அழித்துவிடுவாராம். வேலை நிரந்தரமானதும் கணவரை விட்டுத் தனியாக வீடு எடுத்துப் போய்விடுவது என்று அக்காவும் தங்கையும் பேசி வைத்திருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இருட்டு நேரத்தில் வெளிச்சம் பட்டால் செடி கலங்கி ஆண் பூ விடும். எங்கள் ஆட்கள் சுவரெல்லாம் தடவிப் பார்த்தும் ஓர் ஓட்டைகூட அகப்படவில்லை. அப்படியென்றால் தாய்ச்செடிதான் பழுது என்று, அந்த இனத்தை உருவாக்கிய ஜெர்மன் பெண்மணி முடிவு கட்டினார். வெட்டி எரிக்கச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

அக்கா என் கையைப் பிடித்தார். "செடியில பிழையில்லை. நான்தான் போன் வெளிச்சத்தோட உள்ளுக்க நிண்டனான். நீ டொச்சில சொல்லு தங்கச்சி."

"உங்கட வேலை போயிடும் அக்கா."

"ஓம், தெரியும். அதுக்காக அந்த மனுசியின்ர உழைப்பை எரிக்க விடேலுமே?"

அந்தப் பெண்மணிக்கு ஜெர்மனில் மொழிபெயர்த்தேன். வாயைத் திறக்கவே எனக்கு வெறுப்பாக இருந்தது. அந்த மாதத்தோடு அக்காவை நிறுத்திவிட்டார்கள்.

தாய்ச்செடியிலிருந்து வெட்டி வளர்த்த கன்றுகளை, இருட்டு நேரத்தில் துளி வெளிச்சமும் படாமல் மறுபடி பூக்க வைத்தோம். ஓர் ஆண் பூகூட வரவில்லை. இன்று எங்கள் மண்டபங்களில் அதன் பிள்ளைகள்தான் நிற்கின்றன. அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ தடவை அழைத்துவிட்டேன். எப்போதும் கணவர்தான் எடுக்கிறார்.

"அவ குசினிக்க சமைச்சுக்கொண்டு நிக்கிறா. என்ன விசயமெண்டு எனக்குச் சொல்லுங்கோ."