பிரேக் மட்டும்

எங்கள் வீட்டு அம்பாசிடரில் எதையும் மாற்றக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். தாத்தா திருநெல்வேலியில் வாங்கி, கடைசிவரை ஓட்டிய வண்டி அது. ஹாரன் தொண்டை கட்டினாற்போல ஒலிக்கும். அதையும் மாற்ற விடமாட்டார். இத்தனைக்கும் நெய்வேலி மைன்ஸில் ராட்சத இயந்திரங்களின் பழைய பாகத்தைக் கழற்றிப் புதியதை மாட்டுவதுதான் அவருக்கு உத்தியோகம். அந்தப் புத்தியை டியூட்டியோடு விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். வண்டியில் ஒரு திருகாணி தேய்ந்தால்கூட, அதே காலத்துத் திருகாணியைத் தேடி ஊர் ஊராக அலைவார்.

அம்மாவுக்கு அந்த வண்டியை ஓட்ட வேண்டும் என்று ஆசை. அவள் பிறந்த வீடு பக்கத்தில் வடக்குத்தில்தான் இருந்தது. ஆனால் அப்பா கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய்விட்டால், குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டி சும்மா நிற்கும், அம்மா பஸ்ஸுக்காக நிற்பாள். அவள் நச்சரித்து நச்சரித்து, கடைசியில் அப்பாவே டவுன்ஷிப்பின் அகலமான சாலைகளில் கற்றுக்கொடுத்தார். லைசென்ஸும் வாங்கிவிட்டாள். பிரேக் மட்டும் அவளுக்கு மசியவில்லை. விட்டு விட்டு இரண்டு மூன்று தடவை மிதித்தால்தான் அது பிடிக்கும். "எங்கப்பாவுக்கும் அப்படித்தான் புடிச்சுது" என்று அப்பா அதையும் பெருமையாகச் சொல்வார்.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று, வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றும் பொறுப்பை அப்பா பெரிய மனது பண்ணி அம்மாவிடம் கொடுத்தார். எங்கள் தெருவே வேடிக்கை பார்த்தது. பழங்கள் ஒழுங்காக நசுங்கின. வண்டிதான் நிற்கவில்லை. அம்மா பதறிப்போய், மிதித்த காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்க, அது எதிர்வீட்டு வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தைச் சாய்த்துக் கேட்டில் முட்டி நின்றது. அவர்கள் படைத்து வைத்திருந்த பொரியும் சுண்டலும் சாலையெல்லாம் சிதறின. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா ஓடி வந்தார். வந்தவர், குனிந்து பம்பரைத் தடவிப் பார்த்தார்.

அம்மா இறங்கி, சாவியை அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாளிலிருந்து பழையபடி பஸ்ஸுக்கு நின்றாள். அப்பா கூப்பிட்டபோதெல்லாம், "உங்க அப்பாரு வண்டிங்க அது. நீங்களே ஓட்டிக்குங்க" என்றாள். வண்டியில் ஏறவே மறுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சவாரி போயிற்றே என்று எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது.

செய்தி கேட்டு, வடலூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த அம்மாவின் அண்ணன் வந்து சேர்ந்தார். மாமாவுக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. "இன்னாங்க மாப்ள, இத்த வச்சிகினு அல்லாடிகினு இருக்கீங்க? டீசல் இன்ஜின் எறக்கிடலாம். ஏசி போட்டுடலாம். பவர் ஸ்டீயரிங் வச்சிட்டா வண்டி பறக்குங்க!" என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"அப்புறம் அதுல எங்கப்பா வண்டி எங்க இருக்கும்?" என்று கேட்டார் அப்பா.

சபாஷ் என்று நான் மனதுக்குள் கைதட்டினேன். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. அப்பா அந்தப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். கடைசியில், "பிரேக் மட்டும் மாத்துங்க மச்சான். அவ மிதிச்சா மொத மிதியிலயே வண்டி நிக்கணும். வேற எதுலயும் கை வைக்காதீங்க" என்றார். அப்பா தோற்றுவிட்டார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வண்டி திரும்பி வந்ததும், மாமா ஆசை மிகுதியில் வேறு எதையாவது மாற்றியிருப்பாரோ என்று அப்பா குனிந்து குனிந்து தேடினார். பிறகு அம்மாவிடம் சாவியை நீட்டினார். அவள் உடனே வாங்கவில்லை.

"ஒரே ஒரு தடவ மிதிச்சுப் பாரு. புடிக்கலன்னா எறங்கிடு."

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

வடக்குத்து போகும் வழியில் எங்கிருந்தோ ஒரு மாடு குறுக்கே வந்தது. அம்மா மிதித்தாள். வண்டி ஒரே மிதியில் சமத்தாக நின்றது. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு அது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். இடதுபக்கம் உட்கார்ந்திருந்த அப்பாவின் கால், அங்கே இல்லாத பிரேக்கை விட்டு விட்டு மிதித்துக்கொண்டிருந்தது. அவருடைய கை, அம்மா முன்னால் போய் இடித்துக்கொள்ளாதபடி அவளுக்குக் குறுக்கே நீண்டிருந்தது. வண்டிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்றுதான் அப்பா அத்தனை பயப்படுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.