மரியாவின் லேஸ் தலையணையும் முதல் பஸ்ஸும்

எங்கள் மேல்வீட்டு மரியா ஸ்பெயின்காரி. நீண்ட உருளைத் தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னுவார். ஆஸ்பத்திரியில் இருந்த அவரது கணவருக்குப் பார்வை போய்விட்டது. அந்தக் குச்சிகளின் சத்தத்தையாவது ஒருமுறை கேட்க வேண்டும் என்றாராம்.

இன்று காலை தலையணையைத் தூக்கிக்கொண்டு நானும் துணைக்குப் போனேன். மிச்சம் என்கிற எங்கள் பகுதியின் பஸ் தரிப்பில் முதலில் வந்த பஸ்ஸில் ஒரே நெரிசல்.

"பரவாயில்லை, ஏறுவோம்," என்றார் மரியா.

"நூலெல்லாம் சிக்குப்பட்டுவிடும். அடுத்ததில் போவோம்," என்றேன். நான் எதிலும் நிதானம் பார்க்கிறவன்.

அடுத்தது நெடுநேரம் வரவில்லை.

வார்டு வாசலிலேயே நர்ஸ் மரியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். கணவர் சற்று முன்புதான் இறந்திருந்தார். மரியா நர்ஸோடு உள்ளே போனார். தலையணையைத் திருப்பிக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"இஞ்சரப்பா, நீங்களோ பஸ் ஓடுறது? முதல்ல அதைக் கீழ வையுங்கோ."

சுவரோடு நிமிர்த்தி வைத்திருக்கிறேன். ஒரு நூல்கூடச் சிக்குப்படவில்லை.

நீங்கள் என்றால் முதல் பஸ்ஸிலேயே ஏறியிருப்பீர்கள், இல்லையா?