வெளுத்துப்போன ஜன்னல்கள்

என் கை மேல் எனக்கு எப்போதும் கர்வம் உண்டு. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவள் நான். கடிதம், கணக்கு, பாங்கு காரியம் எதற்கும் என் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க லாயக்கில்லை. ஆனால் கையால் செய்கிற காரியத்தில் வலியசாலைத் தெருக்களில் என்னைக் குறை சொன்னவர் கிடையாது. நான் கொழுக்கட்டைக்கு மேல்மாவில் செப்பு செய்தால் உள்ளே இருக்கிற பூரணத்தின் நிறம் வெளியே தெரியும், ஆனால் கிழியாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் என்னை இந்தக் காரியத்தில் கொண்டுபோய் விட்டது.

அவர் ஒரு சர்க்கார் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். மயிரிழை மாதிரி கோடு போட்டுச் சம்பாதித்த கை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வலது கை நடுங்க ஆரம்பித்தது. காலையில் காப்பி கொடுத்தால் டம்ளர் டவராவில் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்கக் கூடாதென்று அவர் டவரா வேண்டாம் என்றார். நானும் காரணம் கேட்கவில்லை.

கைக்கு ஏதாவது நுணுக்கமான வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். எங்கள் பெண் ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள், அங்கேயே ஃப்ளாட். அவள்தான் பிளாஸ்டிக் தகடு, கண்ணாடி மாதிரித் தெரிகிற மெல்லிய தகடு, பிளேடு, சின்ன இடுக்கி, சூப்பர் க்ளூ எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவர் பழைய சிவப்பு மாடி பஸ் ஒன்றைச் செய்யப் போகிறேன் என்றார். ஆபீசுக்கு அதில்தான் போவார், மாடியில் முன் சீட்டு. நீளம் ஒரு சாண் இருக்கும்படி அளவெல்லாம் காகிதத்தில் வரைந்து வைத்துக்கொண்டார். உடம்பு, தரை, படி எல்லாம் சரியாகவே வந்தது. பெரிய துண்டுகள், கை கொஞ்சம் ஆடினாலும் தாங்கும். கஷ்டம் ஜன்னலில்தான். ஒவ்வொரு கண்ணாடியும் சுண்டுவிரல் நகம் அளவு. மாடியின் முன் கண்ணாடி மட்டும் கொஞ்சம் பெரிசு. அதையும் சேர்த்து மொத்தம் பதினெட்டு.

அந்தப் பசையை அவர் குழாயிலிருந்து நேராக வைக்க மாட்டார். உடைந்த ஓட்டுத் துண்டில் ஒரு சொட்டு விடுவார். என் தையல் ஊசி ஒன்றை வாங்கி அதன் காதைப் பாதியில் வெட்டிக் கவட்டை மாதிரி ஆக்கி வைத்திருந்தார். அந்தக் கவட்டையைச் சொட்டில் தொட்டால் ஒரு கடுகில் கால்வாசி பசை அதில் நிற்கும்.

"இடுக்குல தொட்டா போறும். அது தானே ஓடிப்போய் ஒட்டிக்கும். தேய்க்கப்படாது, இழுக்கப்படாது" என்றார் ஒரு நாள்.

"நெத்திக்குச் சாந்து வெக்கற மாதிரின்னா இருக்கு."

"உன் நெத்தியில வெச்சா அடுத்த ஜன்மத்துக்கும் அழியாது. வேணுமா?"

அப்போதே இன்னொன்றும் சொன்னார். ஒட்டின பிறகு மூடி வைக்கக் கூடாது, காற்றாட இருக்க வேண்டும் என்று. அதற்காகவே ஜன்னலைத் திறந்து, சின்ன ஃபேனையும் போட்டு வைப்பார். நெடி போகத்தான் அப்படிச் செய்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முதல் கண்ணாடியை ஒட்டும்போது பார்த்தேன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை நிறுத்திக்கொண்டு ஊசியைக் கொண்டுபோனார். இடுக்குக்குப் பக்கத்தில் வந்ததும் கை ஒரு துள்ளு துள்ளியது. பசை கண்ணாடி மேல் கோடு இழுத்துவிட்டது. கண்ணாடியும் கோணிக்கொண்டது. அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அடுத்தது கொஞ்சம் தேவலை. அதற்கடுத்தது மறுபடியும் கோணல்.

அன்று மத்தியானம் அவர் படுத்துத் தூங்கியதும் நான் மேஜைக்குப் போனேன். பிளேடு நுனியால் கடைசியாக ஒட்டின அந்தக் கோணல் கண்ணாடியை நெம்பி எடுத்தேன். அவர் வெட்டி வைத்திருந்த உபரித் துண்டில் ஒன்றைப் பொருத்தி, ஊசியால் நாலு மூலையிலும் தொட்டேன். பசை சொன்னபடி கேட்டது. எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நல்ல மனசோடுதான் செய்தேன். ஆனால் எடுத்துப் பார்த்தபோது, பாவம் அவர் என்று தோன்றவில்லை. என் கை எப்பேர்ப்பட்ட கை என்றுதான் தோன்றியது.

அவர் எழுந்து வந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"ஏய், இங்க வா. இது கோணலா இருந்துதோன்னோ?"

"எனக்கென்ன தெரியும்? நேராத்தானே இருக்கு."

"காய்ஞ்சப்பறம் தானே நேராயிடுத்து போல. கை வழிக்கு வந்துண்டிருக்கு, பாத்தியா!"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. மறுநாளும் செய்தேன். அதற்கடுத்த நாளும். காலையில் அவர் ஒட்டுவார், மத்தியானம் நான் திருத்துவேன். அவர் போனில் பெண்ணிடம், "கை கொழப்பமில்லை கேட்டியா, இப்ப ஸ்டெடி ஆக்கும். ஞாயித்துக்கிழமை வந்து பாரு" என்று சொல்லும்போது நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டு சிரிப்பேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

வெள்ளிக்கிழமை அவர் மாடியின் முன்பக்கப் பெரிய கண்ணாடியை ஒட்டினார். அவருடைய பழைய சீட்டுக்கு முன்னால் இருக்கிற கண்ணாடி. அதுவும் சரிந்திருந்தது. அவர் தூங்கியதும் அதை எடுத்து ஒட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பெண் வருகிறாளே என்று, சின்னச் சின்னக் கோணல் இருந்த இன்னும் ஐந்தையும் திருத்தினேன். அவசரத்தில் ஊசியை விட்டுவிட்டுக் குழாயிலிருந்தே வைத்தேன். அந்த நேரம் பார்த்து ஓ என்று மழை. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தினேன். மேஜைக்கு நேர் மேலே விட்டத்தில் ஒரு பல்லி. எங்கள் வீட்டில் பாலோ தயிரோ மாவோ மூடாமல் ஒரு நாளும் வைத்ததில்லை. பல்லி எச்சம் விழுந்த பண்டத்தைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தையும் புளி போட்டுத் தேய்க்கிற வீடு இது. கை தானாகப் போய் எவர்சில்வர் பேசினை எடுத்து பஸ் மேல் கவிழ்த்துவிட்டது.

இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் பதினெட்டு ஜன்னலும் வெள்ளை. இட்லிப்பானை மூடியில் ஆவி படிந்த மாதிரி. புடவைத் தலைப்பால் துடைத்தேன், போகவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. பேசினைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். ஃபேனைப் போட்டேன். எல்லாவற்றையும் அவர் விட்டுப்போன மாதிரி வைத்தேன். தெரியாமல் மூடியது தப்பு, சரி. இதைத் தெரிந்துதான் செய்தேன்.

அவர் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நான்தான் ஒட்டு ஜாஸ்தி வெச்சுட்டேன் போலருக்கு. கை போயிடுத்துடி."

"சாரமில்லை, விடுங்கோ" என்றேன் நான்.

பரவாயில்லை என்று பெரிய மனசு பண்ணி மன்னிக்கிற மாதிரி சொன்னேன். எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான். அன்று அதைச் சொன்ன வாயை எனக்கே பிடிக்கவில்லை. அவர் பஸ்ஸை அட்டைப் பெட்டியில் வைத்துப் பரண் மேல் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வந்தாள். வந்ததும், "அப்பா, எங்கே பஸ்?" என்றாள்.

"அதெல்லாம் விட்டாச்சு."

அவள் விடுகிறவளா! ஸ்டூல் போட்டு ஏறி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அய்யோ, எந்தா இது? அப்பா, நீங்க மூடி வெச்சேளா? அந்த க்ளூவோட ஆவி வெளியே போகாம உள்ளயே நின்னா கண்ணாடி இப்படித்தான் வெளுக்கும். வீடியோவில் எல்லாரும் சொல்லுவாளே."

"எனக்குத் தெரியாதா அது? நான் மூடலையே."

"பின்னே எப்படி?"

அவர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மழை பெஞ்சுது அன்னிக்கு. மூடினேனோ என்னவோ. ஓர்மையில்லை."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை புரிந்தது. கை மட்டுமில்லை, அப்பாவுக்கு ஞாபகமும் போகிறதோ என்கிற பார்வை. அவரும் அதைப் பார்த்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. "மூடினது நான்" என்றேன்.

"நீயா? போட்டும் அம்மா, உனக்குத் தெரியாதுதானே" என்று அவள் ஆரம்பித்தாள்.

"ஒட்டினதும் நான்."

சொல்லி முடித்தேன், முதல் நாளிலிருந்து. அவர் பஸ்ஸை என் பக்கம் நகர்த்தினார்.

"எதெல்லாம் நீ?"

ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். என் கை எனக்குத் தெரியும். பொய் சொல்ல இடமில்லை. அவர் பதினைந்து வரை கூடவே எண்ணிக்கொண்டு வந்தார். பிறகும் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ மூணுதான் நான்."

"மூணும் நன்னாத்தான் இருக்கு" என்றேன்.

"நீ பேசாதே."

இந்த வீட்டில் அவர் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நாலு நாள் நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. போட்டதைச் சாப்பிட்டார், தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். அது எனக்கு அடியைவிட வலித்தது.

ஐந்தாம் நாள் மேஜையில் உட்கார்ந்து, நான் ஒட்டினதையெல்லாம் பிளேடால் நெம்பி எடுத்துக் குப்பையில் போட்டார். தன்னுடைய மூன்றை விட்டுவைத்தார், வெளுத்ததோடு. பெண் புதுத் தகடு கொண்டுவந்து கொடுத்தாள். இப்போது நாளுக்கு ஒன்று ஒட்டுகிறார், சில நாள் அதுவும் இல்லை. நான் எதிரே உட்கார்ந்துகொள்கிறேன். வேண்டாமென்று அவர் சொல்லவில்லை. ஊசி துள்ளும்போதெல்லாம் என் விரல் தானாக நீளப் பார்க்கும். முந்தானையில் சுருட்டி வைத்துக்கொள்வேன்.

நேற்று ஒன்று முடித்துவிட்டு, "நேரா இருக்கா?" என்று கேட்டார். இத்தனை நாளில் முதல் தடவையாக என்னிடம் கேட்டார்.

வாய் வரைக்கும் வேறு பதில் வந்தது. விழுங்கினேன். "இல்லை. இடப்பக்கம் ஒரு நூல் எறங்கியிருக்கு."

"ம்" என்றார். பிரிக்கவில்லை, அப்படியே விட்டார்.

மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் சாப்பிட்டு எழுந்தார். மேஜைக்குப் போய் பஸ், பிளேடு, ஊசி, பசை எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்துவைத்தார். நடுங்குகிற கையால் அந்தத் தட்டை ஏந்திக்கொண்டு மெல்ல உள்ளே போய், படுக்கைக்குப் பக்கத்தில் நாற்காலி மேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார்.