ஐஸில் வந்த ஊசி

சித்திக்குத் தலைப்பிரசவம். அம்மாச்சி உயிரோடு இல்லாததால் பேறுகாலம் சோழவந்தானில், மாமியார் வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. ஆண்பிள்ளை, கொழுகொழுவென்று இருந்தான். எல்லோருக்கும் சந்தோஷம், என் அம்மாவைத் தவிர. அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரே நெகடிவ் ரத்தம். பிள்ளைக்குப் பாசிடிவ். மூன்று நாளுக்குள் சித்திக்கு ஓர் ஊசி போட்டாக வேண்டும், அது மதுரையில்தான் கிடைக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சித்தப்பாவோ "பாப்போம், பாப்போம்" என்றே இரண்டு நாளை ஓட்டிவிட்டார். மூன்றாம் நாள் காலை அம்மா என்னை இழுத்துக்கொண்டு திருநகரிலிருந்து கிளம்பிவிட்டாள்.

மதுரை டவுனில் கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியில் கிடைத்தது. சூடு படக்கூடாதாம், கடைக்காரர் எங்கள் காப்பி பிளாஸ்கில் ஐஸ்கட்டி போட்டு, மருந்துக் குப்பியைப் பையில் சுற்றி உள்ளே வைத்துக் கொடுத்தார். எனக்கு ஏழு வயது. ஐஸ் என்றால் தின்பதற்கு என்றுதான் தெரியும். சோழவந்தான் பஸ் ஏறியதிலிருந்து ஐஸ் கேட்டு ஒரே அழுகை. "பிள்ளைக்கு இம்புட்டுக் குடுத்தா என்னத்தா கொறஞ்சிரப் போகுது?" என்று பக்கத்து சீட்டு அம்மாள் எனக்குப் பரிந்து பேசினார். அம்மா மசியவில்லை. பிளாஸ்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல!

ஆஸ்பத்திரியில் அதைவிடப் பெரிய சண்டை. பிளாஸ்கைத் திறந்ததுமே சித்தியின் மாமியார் கட்டிலை மறித்து நின்றுகொண்டார். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக்கூடச் சுடவைத்துத்தான் கொடுப்பார் அவர்.

"பச்ச உடம்புக்காரிக்கு ஐஸுல கெடந்த ஊசியா? ஜன்னி கண்டுரும் ஆத்தா! பிள்ளதான் நல்லாப் பெறந்திருக்கானே, பெறகு என்னத்துக்கு ஊசி?"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். குப்பியை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.

"சில்லுப்பு போற வரைக்கும் கையிலயே வச்சிருக்கேன் அத்த. இது இந்தப் பிள்ளைக்கு இல்ல, அடுத்த பிள்ளைக்கு. எனக்கும் மொதப் பிள்ள நல்லாத்தான் பெறந்துச்சு. ரெண்டாவது மஞ்சமஞ்சேர்னு பெறந்து கண்ணு முன்னாடியே போயிருச்சு. எந்தங்கச்சிக்கு அது வேணாம். போடாம நான் இங்கிட்டிருந்து எந்திரிக்க மாட்டேன்."

டாக்டரம்மா வந்து காத்து நின்றார். மாமியார் முணுமுணுத்துக்கொண்டே குனிந்து, அம்மாவின் விரல்களை விலக்கிக் குப்பியைத் தொட்டுப் பார்த்தார். "சரி, வெதுவெதுன்னுதான் இருக்கு" என்று விலகிக்கொண்டார். சித்திக்கு ஊசி போட்டாயிற்று.

திரும்பும் பஸ்ஸில் நான் கேட்டேன்: "நம்ம தம்பிக்கும் இப்பிடி ஒரு ஊசி வாங்கிப் போட்டிருந்தா செத்திருக்க மாட்டான்லம்மா?"

அம்மா என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு அழுதாள். ஊசிதான் போட்டாயிற்றே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அது தம்பிக்குப் போடுகிற ஊசி அல்ல என்று வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. நான் பிறந்தபோதே அம்மாவுக்குப் போட்டிருக்க வேண்டியது. அன்றைக்கு அவளுக்காகத் தரையில் உட்கார ஒருத்தரும் இல்லை.